பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம்? வட்டத்தை விட்டுத் தெருவழியே அளந்த அனுபவம்

ஆறாவது முறை கணக்கிட்டபோதுதான் விடை நிலைத்தது. கேள்வி எளியது: சுமார் 64,000 பேர் வாழும், 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு நகரத்தில், வீட்டிலிருந்து 500 மீட்டர் நடந்தால் பேருந்து நிறுத்தத்தை அடைந்துவிடக்கூடியவர்கள் எத்தனை விழுக்காடு? நகர வளர்ச்சித் திட்ட வரைவுக்காக இதைக் கணக்கிட்டுத் தரும் பொறுப்பை ஏற்றபோது, இரண்டு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை என்றே நினைத்தேன். முதல் முறை 86 விழுக்காடு வந்தது, அடுத்து 41, அதற்கடுத்து 66, பின்னர் 58, 63, கடைசியில் 61. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு பிழையோ திருத்தமோ இருக்கிறது. அவற்றை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். இதே கணக்கை வேறோர் ஊருக்குப் போட முனைபவருக்கு, எனக்குச் செலவான 67 மணி நேரத்தில் பாதியாவது மிச்சமாகும்.

500 மீட்டர் என்பது நானாக வைத்த அளவு அன்று. ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.2.1 என்ற குறியீடு, பேருந்து போன்ற போக்குவரத்துக்கு 500 மீட்டரையும், ரயில் போன்ற பெருந்திறன் போக்குவரத்துக்கு 1 கிலோமீட்டரையும் எல்லையாகக் கொள்கிறது. அந்தத் தூரத்தைத் தெருவழியே அளக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நான் அதைப் படித்திருந்தும், நிறுத்தத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டால் ஏறத்தாழ அதே விடை வந்துவிடும் என்று எண்ணிவிட்டேன்.

கையில் இருந்தவை இவை: 8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு மடிக்கணினி, க்யூஜிஐஎஸ் என்ற கட்டற்ற வரைபட மென்பொருள், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து குவிக்ஓஎஸ்எம் நீட்சி (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் கருவி) வழியாக இறக்கிய தெருக்களும் நிறுத்தங்களும் கட்டடங்களும், முன்பு ஒரு சாலைத் திட்டத்துக்காக கணினியில் வரையப்பட்ட டிஎக்ஸ்எஃப் என்ற பொறியியல் வரைபடக் கோப்பிலிருந்த சாலை மையக்கோடுகள், 14 வார்டுகளின் எல்லைகளும் மக்கள்தொகை அட்டவணையும். களத்துக்கு, சுற்றளவு சரியாக 1 மீட்டர் உள்ள ஓர் அளவுச் சக்கரமும், களத்திலேயே வரைபடத்தில் பதிய உதவும் க்யூஃபீல்டு செயலி நிறுவிய கைப்பேசியும் இருந்தன. இரண்டு வகைச் சாலைத் தரவையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டியிருந்தது. டிஎக்ஸ்எஃப் கோப்பில் வாகனம் போகும் சந்துகள் எல்லாம் இருந்தன, ஆனால் காலடிப் பாதைகள் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலோ பூங்காவுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையும் படிக்கட்டும்கூட இருந்தன, சில சந்துகள் இல்லை.

முதல் தடுமாற்றம் நிறுத்தங்களின் எண்ணிக்கையிலேயே வந்தது. இறக்கிய கோப்பில் 61 புள்ளிகள் இருந்தன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பயணிகள் காத்திருக்கும் கம்பத்துக்கு ஒரு புள்ளியும், பேருந்து சாலையில் நிற்கும் இடத்துக்கு இன்னொரு புள்ளியும் வைப்பது வழக்கம் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. 15 மீட்டருக்குள் இருந்த இணைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து ஒன்றாக்கியபோது 38 நிறுத்தங்கள் எஞ்சின. சாலையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தவற்றையும் ஒரே நிறுத்தமாகக் கொண்டேன். இதை எல்லாச் சாலைகளுக்கும் ஒரேபோலச் செய்தது பின்னால் தொல்லை தந்தது.

அடுத்தது வீழல், அதாவது உருண்டையான புவியைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும் முறை. நிறுத்தங்களைச் சுற்றி 500 என்று கொடுத்து வட்டம் போடச் சொன்னேன். திரை முழுவதும் ஒரே நிறமாகிவிட்டது. நிறுத்தங்களின் அடுக்கு, அதாவது வரைபடத்தில் அவற்றுக்கான தரவுத் தொகுப்பு, ஈபிஎஸ்ஜி 4326 என்ற எண் கொண்ட முறையில், அதாவது அட்சரேகை தீர்க்கரேகையில் இருந்ததால், மென்பொருள் அந்த 500ஐ மீட்டராக அல்லாமல் பாகையாக எடுத்துக்கொண்டது. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால் 0.0045 என்று கொடுத்து ஒப்பேற்றப் பார்த்தேன். அட்சரேகைத் திசையில் அது பொருந்தினாலும், நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே போவதால், வட்டம் தரையில் நீள்வட்டமாகிவிடுகிறது. பிறகு இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் ஈபிஎஸ்ஜி 3857க்கு மாற்றினேன்; அலகு மீட்டர் என்று காட்டியதால் நிம்மதியடைந்தேன். அதுவும் தவறுதான். அந்த மெர்கேட்டர் வீழலில் அட்சரேகை ஏற ஏறத் தூரம் உப்புகிறது. 30 பாகை அட்சரேகையில் அங்கே 500 மீட்டர் என்று போட்டால் தரையில் 433 மீட்டர்தான் கிடைக்கும். 60 பாகையில் 250 மீட்டர், சரியாகப் பாதி.

முறையாகச் செய்ய வேண்டியது, புவியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில், ஊர் இருக்கும் மண்டலத்துக்கு மாற்றுவது. தீர்க்கரேகையோடு 180ஐக் கூட்டி 6ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து 1ஐக் கூட்டினால் மண்டல எண் வந்துவிடும். மண்டலத்தின் மையக் கோட்டில் அளவுக் காரணி 0.9996, ஆகவே 500 மீட்டருக்குப் பிழை 20 சென்டிமீட்டர்தான், நடைத்தூரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. இங்கும் ஒருமுறை சறுக்கினேன். அடுக்கை வேறு வீழலுக்கு மாற்றுவதற்கான கருவியைத் தேடாமல், அடுக்கின் பண்புகளில் பெயரை மட்டும் யூடிஎம் என்று மாற்றிவிட்டேன். எண்கள் பாகையிலேயே இருக்க, மென்பொருள் அவற்றை மீட்டராகப் படித்தது. முழு நகரமும் 4 சென்டிமீட்டர் அகலத்துக்குள் சுருங்கி, மண்டலத்தின் தொடக்கப் புள்ளிக்கு அருகே போய் உட்கார்ந்துகொண்டது. பெயர்ச்சீட்டை மாற்றுவது வேறு, எண்களை மாற்றிக் கணக்கிடுவது வேறு. இந்த வேறுபாட்டை உணர எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

வட்டங்கள் சரியான பின் வார்டு மக்கள்தொகையை இணைத்தேன். 14 வார்டுகளில் 9 வெறுமையாக நின்றன. எல்லைக் கோப்பில் வார்டு எண் 01, 02 என்று எழுத்தாக இருந்தது. அட்டவணையைத் திறந்து சேமித்தபோது விரிதாள் மென்பொருள் அவற்றை 1, 2 என்று எண்ணாக மாற்றிவிட்டிருந்தது. முன்னே நின்ற சுழியம் போனதும் பொருத்தமும் போயிற்று. இதே நேரத்தில், ஓர் அடுக்கைப் பல கோப்புகளாகச் சேமிக்கும் ஷேப்ஃபைல் வடிவத்தையும் கைவிட்டேன். அதன் நெடுவரிசைப் பெயர் 10 பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை என்பதால் ‘மக்கள்தொகை’ என்ற தலைப்பு மூன்றே குறிகளில் நறுக்கப்பட்டுவிடுகிறது. ஜியோபேக்கேஜ் வடிவத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, எல்லா அடுக்குகளும் ஒரே கோப்பில் இருப்பதால் பாதி கோப்பு விடுபட்டுப்போகும் ஆபத்தும் இல்லை. முதல் நாளே அதில் தொடங்கியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு வார்டிலும் மக்கள் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று கொண்டு, வட்டத்துக்குள் விழுந்த பரப்பின் விகிதத்தை மக்கள்தொகையால் பெருக்கியபோது வந்ததுதான் 86. அந்த வரைபடம் பார்ப்பதற்குத் திருப்தியாக இருந்தது. வரைவைப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மாள், தம் வீடு இருக்கும் இடத்தில் விரலை வைத்து, “இங்கேயிருந்து நேரா நிறுத்தத்துக்குப் போக முடியாதே தம்பி, நடுவுல அந்தத் தொழிற்சாலைச் சுவர் இருக்கே” என்றார். அவர் வீட்டிலிருந்து நிறுத்தம் நேர்க்கோட்டில் 280 மீட்டர். நடந்தால் 900 மீட்டருக்கு மேல். வட்டத்தை அன்றே அழித்தேன்.

சுவர் இல்லாவிட்டாலும் வட்டம் மிகைப்படுத்தும் என்பதைப் பிறகு தாளில் போட்டுப் பார்த்தேன். தெருக்கள் சதுரங்கக் கட்டம்போல் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் ஊரில், 500 மீட்டர் நடையில் எட்டக்கூடிய பகுதி முனையில் நிற்கும் சதுரமாக அமைந்து 50 ஹெக்டேர் இருக்கும்; 500 மீட்டர் ஆரமுள்ள வட்டமோ 78.5 ஹெக்டேர். மிகச் சீரான தெருவமைப்பிலேயே வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொய்யாகிவிடுகிறது. 1854இல் லண்டனில் காலரா பரவியதை ஆராய்ந்த ஜான் ஸ்னோ, மறு ஆண்டு அறிக்கையோடு வெளியிட்ட வரைபடத்தில், பிராட் தெரு நீரேற்றுக் குழாய்க்கும் சுற்றியிருந்த மற்றக் குழாய்களுக்கும் சாலைவழித் தூரம் சமமாக இருக்கும் இடங்களை அளந்து ஒரு கோட்டால் இணைத்திருந்தார். கணினி இல்லாத காலத்தில் அவர் பட்ட அந்தச் சிரமத்தை, கணினி இருந்தும் நான் தவிர்க்கப் பார்த்திருக்கிறேன்.

க்யூஜிஐஎஸ்ஸில் வலைப்பின்னல் பகுப்பாய்வு என்ற பிரிவில், ஒரு புள்ளி அடுக்கிலிருந்து குறிப்பிட்ட தூரம்வரை எட்டக்கூடிய தெருக்களைத் தரும் கருவி இருக்கிறது. உள்ளே நடப்பது எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறுகிய வழித் தேடல்தான். இரண்டு சாலை அடுக்குகளையும் ஒன்றாக்கி, 500 மீட்டர் கொடுத்து ஓட்டியதில் 41 விழுக்காடு வந்தது. நெருக்கமான தெருக்கள் உள்ள பழைய நகர்ப்பகுதியில்கூட நிறுத்தத்தைச் சுற்றி இரண்டே தெருக்கள் நிறமாகி, மற்றவை வெறுமையாக இருந்தன. காரணம், கருவி இரண்டு கோடுகளை இணைந்தவையாகக் கொள்ள வேண்டுமானால் அவை ஒரே கணுவில், அதாவது இரண்டு கோடுகளுக்கும் பொதுவான ஒரு புள்ளியில், சந்திக்க வேண்டும். டிஎக்ஸ்எஃப் கோப்பை வரைந்தவருக்குக் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டாலே போதுமானதாக இருந்திருக்கிறது. அச்சிட்ட தாளில் அது சந்திப்பாகவே தெரியும். சில இடங்களில் தெரு, முதன்மைச் சாலையைத் தொடுவதற்கு 30 அல்லது 40 சென்டிமீட்டர் முன்பே நின்றுவிட்டிருந்தது.

இந்தப் பழுதைச் சரிசெய்யப் போய்த்தான் மிகப் பெரிய தவறைச் செய்தேன். கோடுகள் எங்கெல்லாம் வெட்டிக்கொள்கின்றனவோ அங்கெல்லாம் துண்டாக்கும் கருவியை மொத்தத் தரவின்மீதும் ஓட்டினேன். சில நொடிகளில் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் உருவாகி, விடை 66க்கு ஏறியது. எண் நம்பும்படி இருந்ததால் இரண்டு நாள் அதையே வைத்துக்கொண்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். மேம்பாலமும் அதன் அடியில் போகும் தெருவும் தாளில் வெட்டிக்கொள்கின்றன. தரையில் அவற்றுக்கிடையே பல மீட்டர் உயரம் இருக்கிறது. நான் ஓட்டிய கருவி அங்கே ஒரு சந்திப்பை வைத்துவிட்டது. தண்டவாளத்தின் மேலாகப் போகும் பாலத்திலிருந்து அடியிலுள்ள தெருவுக்கு மனிதர்கள் இறங்கிப்போவதாகக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. இன்னோரிடத்தில், பாலத்தடியில் இருக்கும் நிறுத்தம் தனக்கு மிக அருகிலுள்ள கோடாகப் பாலத்தின் கோட்டையே பற்றிக்கொண்டிருந்தது.

திருத்தம் மெதுவாகத்தான் செய்ய முடிந்தது. பழைய நகலுக்குத் திரும்பி, பாலம், சுரங்கப்பாதை என்ற அடையாளம் உள்ள கோடுகளைத் தனி அடுக்காகப் பிரித்தேன். தரைமட்டத்தில் உள்ளவற்றை மட்டும் துண்டாக்கினேன். பிறகு பாலங்களை அவற்றின் இரு முனைகளில் மட்டும் தெருவோடு ஒட்டினேன். எதோடும் சேராமல் தொங்கும் முனைகளுக்கு 1 மீட்டர் பொறுதி கொடுத்து, அதாவது இடைவெளி அதற்குள் இருந்தால் ஒட்டும்படி, இணைத்தேன். முதலில் 5 மீட்டர் கொடுத்துப் பார்த்தபோது, முதுகோடு முதுகாக முடியும் இரண்டு முட்டுச்சந்துகள் ஒன்றாகி இல்லாத வழி திறந்துகொண்டது. ஆகவே 1 மீட்டருக்கு மேல் போகவில்லை. 1 மீட்டரில் இணையாமல் எஞ்சிய 112 முனைகளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தரவைச் சீராக்குவதற்கு மட்டும் செலவான நேரம் 31 மணி. இதில் பெரும்பகுதி இந்த முனைகளுக்குத்தான்.

வேறு இரண்டு பிழைகளையும் இதே கட்டத்தில் கண்டேன். தரவில் ஒருவழிப்பாதை என்ற நெடுவரிசை இருந்ததால் அதைக் கருவிக்குக் கொடுத்திருந்தேன். நடப்பவருக்கு ஒருவழிப்பாதை கிடையாது. மற்றது, சாலைகளை நகர எல்லையோடு வெட்டியிருந்தேன். எல்லைக்கு வெளியே போய்த் திரும்பி உள்ளே வரும் வழிகளும், எல்லைக்கு 200 மீட்டர் வெளியே இருக்கும் அண்டை ஊர் நிறுத்தங்களும் இதனால் காணாமல் போயின. எல்லையை 1 கிலோமீட்டர் விரித்து வெட்டினால் விளிம்பில் வாழ்பவர்களுக்கு நியாயம் கிடைக்கிறது.

கருவி தருவது கோடுகளைத்தான். மக்களை எண்ணப் பரப்பு வேண்டும். எட்டிய தெருக்களின் வெளிமுனைகளைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டியதுபோல் உறை ஒன்றை வரையும் வழியைத்தான் இதுவரை பயன்படுத்தியிருந்தேன். தண்டவாளத்தின் இருபுறமும் இரண்டு தெருக்கள் எட்டப்பட்டால், அந்த உறை நடுவிலிருக்கும் எட்டாத குடியிருப்பையும் விழுங்கிவிடுகிறது. அதை விட்டுவிட்டு, எட்டிய தெருவின் இருபுறமும் 50 மீட்டர்ப் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது விடை 58.

மக்கள்தொகையைச் சீராகப் பரப்பியது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு வார்டில் பாதிக்கு மேல் ஏரி. இன்னொன்றில் பெரும்பகுதி கிடங்குகள். ஏரிக்குள் மக்களைக் குடியேற்றிவிட்டு, அவர்களுக்குப் பேருந்து கிடைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. ஆகவே வார்டின் மக்கள்தொகையைக் கட்டடங்களுக்குப் பங்கிட்டேன்: கூரைப் பரப்பைத் தளங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அந்த விகிதத்தில். முதல் முயற்சியில் ஒரே ஒரு கிடங்குக் கூரைக்கு 740 பேர் ஒதுங்கிவிட்டார்கள். 1,200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கிடங்கு, பள்ளி, சந்தை, வழிபாட்டிடம் ஆகியவற்றை நீக்கினேன். 20 சதுர மீட்டருக்குக் குறைந்தவற்றைக் கொட்டகை என்று கொண்டு நீக்கப் பார்த்தேன். ஆனால் நெருக்கமான ஓர் எளிய குடியிருப்பின் வீடுகள் பலவும் அந்த அளவுக்குள்ளேயே இருந்தன. பேருந்தை மிகுதியும் நம்பி வாழ்பவர்களையே கணக்கிலிருந்து துடைத்திருப்பேன் என்பது இன்றும் மனத்தை வருத்துகிறது. அந்த வரம்பை எடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு கட்டடத்தையும் அதற்கு மிக அருகிலுள்ள தெருவோடு இணைத்து, அந்தத் தெருத்துண்டு எட்டப்பட்டிருந்தால் அங்கு வாழ்பவர்களை எட்டியவர்களாக எண்ணியபோது 63 விழுக்காடு கிடைத்தது. ஒப்பிடுவதற்காக இதே கட்டட முறையில் பழைய வட்டத்தையும் கணக்கிட்டேன்: 89. மக்கள் தெருவோரமாகத்தான் நெருங்கி வாழ்கிறார்கள் என்பதால் இரண்டு எண்களுமே ஏறியிருந்தன. இடைவெளி மட்டும் ஏறத்தாழ அப்படியே இருந்தது.

அதன்பிறகு களத்துக்குப் போனோம். நானும் உடன் பணிபுரியும் ஒருவரும் நான்கு காலைப்பொழுதுகள், மொத்தம் 14 மணி நேரம். எல்லாத் தெருக்களையும் நடக்க முடியாது என்பதால், விடை எங்கே எளிதில் மாறக்கூடுமோ அங்கே மட்டும் போனோம்: 450 மீட்டருக்கும் 550 மீட்டருக்கும் இடையில் விழுந்த தெருக்கள், தண்டவாளத்தையோ கால்வாயையோ கடக்கும் எல்லா இடங்கள், நடுத்தடுப்பு உள்ள அகலச் சாலையில் இருக்கும் நிறுத்தங்கள். இப்படித் தேர்ந்ததுதான் இந்த வேலையில் நான் எடுத்த சிறந்த முடிவு என்று நினைக்கிறேன்.

முதல் காலையில் கைப்பேசியின் நடைத்தடத்தை நம்பினோம். திறந்த வானத்தின் கீழ் அதன் துல்லியம் ஏறத்தாழ 5 மீட்டர் இருக்கும். இருபுறமும் உயர்ந்த சுவர்கள் உள்ள சந்தில், சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வருவதால், புள்ளி தெருவுக்குத் தெரு தாவியது. அந்தத் தாவல்கள் எல்லாம் நீளமாகச் சேர்ந்துவிடுகின்றன. அளவுச் சக்கரத்தில் 310 மீட்டர் வந்த சந்து கைப்பேசித் தடத்தில் 371 மீட்டராக இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து தூரத்துக்குச் சக்கரம், இடத்தைக் குறிப்பதற்கு மட்டும் கைப்பேசி என்று பிரித்துக்கொண்டோம்.

களத்தில் கண்டவை இரு திசையிலும் கணக்கை மாற்றின. கால்வாயின் மதகு மேல் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு நடைவழி இருந்தது. எந்த வரைபடத்திலும் அது இல்லை, ஆனால் நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் 46 பேர் அதில் கடந்தார்கள். அதைச் சேர்த்தோம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் பதிந்தோம். தண்டவாளத்தின் மேலிருந்த நடைமேம்பாலம் வரைபடத்தில் நல்ல இணைப்பாகத் தெரிந்தது. நேரில் ஒருபுறப் படிக்கட்டு அடைக்கப்பட்டிருந்தது, சரிவுப்பாதையும் கிடையாது. அந்த இணைப்பை நீக்கினோம். அகலச் சாலையில்தான் அதிக இழப்பு. டிஎக்ஸ்எஃப் கோப்பில் அந்தச் சாலை ஒற்றை மையக்கோடு. ஆகவே எதிர்ப்புறத்தில் இருப்பவர் கணக்கில் எந்தச் செலவுமின்றிச் சாலையைக் கடந்துவிடுகிறார். உண்மையில் நடுத்தடுப்பில் திறப்புகள் தொலைவில் இருந்தன. நிறுத்தம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்த இரண்டு இடங்களில், கடந்து வருவதற்கு மட்டும் 340 மீட்டரும் 290 மீட்டரும் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது. அந்தச் சாலையை இரண்டு கோடுகளாகப் பிரித்து வரைந்து, கடக்கும் இடங்களில் மட்டும் இணைத்தேன். எல்லாம் சேர்ந்து விடை 61க்கு வந்து நின்றது.

வரைபடத்தை 1:5000 அளவில் ஏ0 தாளில் அச்சிட்டோம். இந்த அளவை வேண்டுமென்றே தேர்ந்தேன்: 500 மீட்டர் தாளில் சரியாக 10 சென்டிமீட்டர் என்பதால், யார் வேண்டுமானாலும் ஒரு நூலைத் தெருவழியே வளைத்து வைத்து எங்கள் கணக்கைச் சரிபார்க்கலாம். முதல் அச்சில் எட்டியவை பச்சை, எட்டாதவை சிவப்பு என்றிருந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர் உண்டு என்பதால் அடர்நீலமும் வெளிர்மஞ்சளுமாக மாற்றினேன். கறுப்பு வெள்ளை நகலிலும் அது வேறுபாடு காட்டியது.

கணக்கு நிலைத்தபின் செய்த ஒரு சோதனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முழு உழைப்புக்கும் பயன் அதில்தான் கிடைத்தது. திட்ட வரைவில் ஒரு புதிய நிறுத்தம் முன்மொழியப்பட்டிருந்தது. அதைப் புள்ளியாகச் சேர்த்து ஓட்டியதில் கூடுதலாக எட்டியவர்கள் ஏறத்தாழ 1,100 பேர். பிறகு, அந்த அம்மாள் சொன்ன தொழிற்சாலைச் சுவரில் 4 மீட்டர் திறப்பும், அதன் வழியே 60 மீட்டர் நடைபாதையும் இருப்பதாகக் கொண்டு ஒரே ஒரு கோட்டை வரைந்து ஓட்டினேன்: ஏறத்தாழ 1,900 பேர். வட்டம் போட்டிருந்தால் இந்தச் சுவர் கணக்குக்குள் வந்தே இருக்காது. வட்டத்தின்படி அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே நிறுத்தத்துக்கு அருகில் வாழ்பவர்கள்.

நேரச் செலவு: தரவு சேகரிப்பு 9 மணி, சீராக்கல் 31, பகுப்பாய்வு 6, களம் 14, வரைபட வடிவமைப்பும் அச்சும் 7. அடுத்தமுறை களத்தை இறுதியில் வைக்கமாட்டேன். முதல் நாளே தண்டவாளம், கால்வாய், நீண்ட சுவர்கள் ஆகிய தடைகளை ஒரு காலைப்பொழுதில் நடந்து குறித்துவிட்டால், சீராக்கலில் பத்து மணி நேரமாவது குறையும். தவறாக ஓட்டிய கருவியிலிருந்து திரும்பிவர ஒவ்வொரு கட்டத்திலும் தேதியிட்ட நகல் வைப்பேன். இம்முறை ஒரு நகல் தற்செயலாக இருந்ததால்தான் தப்பித்தேன்.

கணக்கிடும் திசையையும் மாற்ற விரும்புகிறேன். நிறுத்தத்திலிருந்து வெளியே பார்த்ததால், 490 மீட்டரில் இருப்பவர் எட்டியவராகவும் 510 மீட்டரில் இருப்பவர் எட்டாதவராகவும் பிரிக்கப்பட்டுவிட்டனர்; வாசலிலிருந்து தெருவரை உள்ள தூரமும் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் மிக அருகிலுள்ள நிறுத்தத்துக்கு உள்ள தூரத்தைத் தனித்தனியே பெற்றால், 500 என்ற கோட்டை 400 என்றோ 600 என்றோ நகர்த்திப் பார்க்கலாம். முதியவர்களுக்கு வேறு வரம்பு வைக்கலாம். க்யூநீட்3 என்ற நீட்சியில் தூர அணி, அதாவது ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் உள்ள தூரங்களின் அட்டவணை, எடுக்கும் வசதி இருக்கிறது. சில வார்டுகளில் ஓட்டிப் பார்த்தேன். மொத்த நகரத்தையும் ஒரே ஓட்டத்தில் கொடுத்தபோது 8 ஜிபி நினைவகம் போதாமல் நின்றுவிட்டது. வார்டு வார்டாகப் பிரித்து ஓட்ட வேண்டும்.

சுவர்த் திறப்பு இப்போது வரைவில் ஒரு முன்மொழிவாகச் சேர்ந்திருக்கிறது. தீராமல் இருப்பது ஒன்று: பூங்கா வழியாகப் போகும் மூன்று பாதைகளின் வாயில்கள் இரவில் பூட்டப்படுகின்றன. 61 விழுக்காடு என்பது பகலுக்குரிய எண். கடைசிப் பேருந்தில் வந்து இறங்குபவருக்கு வழி வேறு. அந்த மூன்று வாயில்களையும் தனி நெடுவரிசையில் குறித்து வைத்திருக்கிறேன். தெருவிளக்குகளின் இடங்களையும் திரட்டியபின் இரவுக்கென்று தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும்.